கிணற்றடி மார்ட்டினும் செம்பட்டை மார்ட்டினும்

சபினா லவெல் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது கையில் பூ இருக்காது. முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். காலை வெயிலை அதில் பிடித்துக் கல்லின் மேல் சாய்வாக அடிப்பாள். மழையும் பாசியும் தின்ற எழுத்துகள் நிழல்கட்டி எழும்பும். "இதோ வந்துட்டார் உங்க பாட்டனார்" என்று பின்னால் நிற்கும் அமெரிக்கரிடம் சொல்லிவிட்டு, அவர் அழுது முடிக்கும்வரை கடல் பக்கம் திரும்பி நிற்பாள்.

மேயோக் கடற்கரையின் இந்தத் தேவாலயப் பங்கில் ரத்த உறவு இல்லாமலே பாதிப்பேர் லவெல். மூத்த பிள்ளைக்குத் தகப்பனின் தகப்பன் பெயர் வைப்பது மாறாத வழக்கம். தடுக்கி விழுந்தால் ஒரு மார்ட்டின் லவெல் மேல்தான் விழ வேண்டும். ஊர் பட்டப்பெயர் வைத்துச் சமாளித்தது: செம்பட்டை மார்ட்டின், கிணற்றடி மார்ட்டின், நொண்டி மார்ட்டின். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள் பட்டப்பெயரைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். அதனால் வேர் தேடி வருகிற யாரிடமும் சபினா முதலில் கேட்பது, "வீட்டுப் பட்டப்பேர் என்ன?" தெரியாது என்றால் கல்லறையைக் காட்ட மாட்டாள். "அடுத்த வீட்டுப் பொணத்துக்கு அழுதா கண்ணீருக்குத்தான் கேடு."

அவள் தேடியது தன் பெரியப்பா செம்பட்டை மார்ட்டினை. அமெரிக்காவில் மொன்டானா தாமிரச் சுரங்கத்துக்குப் போனவர் போனவர்தான். அப்பா, குடும்பக் கல்லறைக் கல்லில் தன் அண்ணன் பெயருக்கு இடம் விட்டுச் செத்தார். அதற்குக் கீழே சபினாவுக்கு. அவளுக்குக் கல்யாணமில்லை, கூடப்பிறந்தவர் இல்லை. அந்தப் பெயர்களை வெட்டுவிக்க ஆளில்லை. "கவலைப்படாத, நான் சுண்ணாம்புல எழுதிடறேன்" என்பான் பக்கத்து வீட்டு பாட்ஜோ. அவனுக்கே ஒரு கால் குழியில்.

போன ஜூனில் மொன்டானாவிலிருந்து டோனா வந்தாள். தாத்தா மார்ட்டின் லவெல், இதே பங்கு, அதே சுரங்கம். வாசலிலேயே "அத்தை!" என்று கட்டிக்கொண்டாள். எழுபது வயதுக்கு மேல் முதன்முறையாக அந்தச் சொல் சபினாவின் காதில் விழுந்தது. அந்தக் காலத்தில் இரண்டு மார்ட்டின்கள் அந்தச் சுரங்கத்துக்குப் போனது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை இவளிடம் கேட்கவில்லை. ரொட்டி சுட்டாள், கூட்டிப்போய்க் கல்லில் விட்ட இடத்தைக் காட்டினாள்.

"தாத்தா பேரை நானே வெட்ட வைக்கிறேன் அத்தை. உங்க பேருக்கு இன்னும் நூறு வருஷம் இருக்கு" என்றாள் டோனா.

மறுநாள் பாட்ஜோவும் கூட உட்கார்ந்து தேநீர் குடிக்கையில் டோனா கேட்டாள்: "வாசப்படியில நின்னு குனிஞ்சாலே தண்ணி மொள்ளலாம்னு தாத்தா சொல்லிட்டே இருப்பாராம். நம்ம கிணறு எங்க அத்தை?"

சபினாவின் வீட்டில் கிணறே இருந்ததில்லை. டோனா தன் மேல்கோட்டு எடுக்க உள்ளே போனதும் பாட்ஜோ குனிந்து கிசுகிசுத்தான்: "கிணத்தைத் தூத்தாச்சுன்னு சொல்லித் தொலை. யார் குடி முழுகிடப் போகுது?"

"என் குடி முழுகி ரொம்ப நாளாச்சு பாட்ஜோ."

டோனாவின் கையைப் பிடித்து மேட்டுக்கு அழைத்துப் போனாள். கூரை விழுந்த வீடு. வாசலில் முட்செடி மூடிய கிணறு. "இதுதாம்மா உன் வீடு. நீ கிணத்தடி மார்ட்டின் பேத்தி. நான் உனக்கு ஒண்ணும் ஆகல." டோனா அழுது முடிக்கும்வரை சபினா கடல் பக்கம் திரும்பி நின்றாள்.

ஊருக்குப் புறப்படும்போது டோனா அன்பாகத்தான் கை குலுக்கினாள். "ரொம்ப நன்றி, மிஸ் லவெல்" என்றாள்.

அடுத்த காலையும் சபினா கண்ணாடியோடு போனாள். கூட யாருமில்லை. அப்பாவின் பெயரைத் தாண்டி, ஒன்றும் வெட்டாத இடத்தின் மேல் வெயிலைச் சாய்த்து, கை ஓயும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.