சகலையின் டிரங்குப் பெட்டி

திருவண்ணாமலையில் தருமன் என்று ஒருவர் இருக்கிறார். பெயருக்கு ஏற்றபடி பொய் சொல்ல மாட்டார். உண்மையைக் கொஞ்சம் தாமதமாகச் சொல்வார், அவ்வளவுதான்.

1989இல் மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து லாரி லாரியாகக் கோப்புகள் வந்தன. அவற்றைச் சரிபார்த்து அடுக்கப் பதிவறை எழுத்தராகத் தருமனும் வந்தார். அடுக்கி முடித்தபின் அவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இங்கேயே வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டார். மனைவி வள்ளிக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. வள்ளியின் தங்கை ரேணுகாம்பாள் உள்ளூரிலேயே திருமலையைக் கட்டிக்கொண்டாள். திருமலைக்குக் கொஞ்சம் நிலம், கிரிவலப் பாதையில் ஒரு கடை. சாதாரண நாளில் பீடி, சோடா. பௌர்ணமியில் மூட்டைக் கணக்கில் வறுகடலை.

ஆக, தருமனும் திருமலையும் சகலைகள். சகலை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாமியார் வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் எத்தனை அப்பளம் விழுகிறது என்று ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டே, "நல்லா சாப்புடுங்க" என்று உபசரிப்பவர்தான் சகலை.

1994இல் ஒரு பௌர்ணமி மாலை. மலை சுற்றி வந்த தருமன், திருமலை கடையில் உட்கார்ந்து கடலை தின்றார். பொட்டலம் காலியானதும், படித்துவிட்டுத்தான் எறிவது என்ற பதிவறைப் பழக்கத்தில் காகிதத்தைப் பிரித்தார். மேலே அச்சடித்த தலைப்பு: சந்திரோதயா ஸ்டூடியோ, மதராஸ். அதன் கீழே பொடியாக, தென்னாட்டின் ஹாலிவுட். அதற்கும் கீழே மையில்: "ராணிக்குக் கொடுத்த கிரீடம் ஒன்று. திரும்பி வந்தது ஒன்று. அதில் கற்கள் பன்னிரண்டு. திரும்பி வந்தவை ஒன்பது. ராணியை மரியாதையாக விசாரிக்கவும்."

தருமன் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னா சகல, பல்லி கில்லி கெடந்துச்சா?" என்று பதறினான் திருமலை.

"பல்லியா! இது அந்தக் காலத்து சினிமா கம்பெனி ஆபீஸ் பேப்பர்யா. எப்பவோ இழுத்து மூடுன கம்பெனி. பொக்கிஷம்! இதுலயா கடலை மடிக்கிற?"

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இன்னும் நாலு பொட்டலம் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. திருமலைக்கு அந்தக் காகிதத்தின் அருமை தெரியாது. ஆனால் சகலையின் முகத்தில் தெரிந்த ஆசையின் அருமை நன்றாகத் தெரிந்தது. அடுத்த பௌர்ணமிக்குக் கடலை தினசரித் தாளில் வந்தது. மிச்சக் கட்டு மொத்தமும் ரேணுகாம்பாளின் கல்யாண டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

"எனக்கும் இதுல ஒரு ஆர்வம் வந்துடுச்சு சகல" என்றான் திருமலை.

தருமன் விடவில்லை. செங்கம், போளூர், ஆரணி என்று ஞாயிறுதோறும் பழைய பேப்பர் கடைகளில் குந்தினார். அதே ஸ்டூடியோவின் காகிதங்கள் எடைக்கு எடை ஊர் ஊராகச் சிதறியிருந்தன. யார் எத்தனை மணிக்கு வேஷம் கட்ட வரவேண்டும் என்ற சீட்டுகள், நடிகர் சாப்பிட்ட இட்லிக்கு ரசீது, யானை வாடகைக்கு ஒப்பந்தம். ஒன்பது வருஷத்தில் பதினோரு கோப்பு சேர்ந்தது. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓரத்தில் இரண்டு ஓட்டை, டேக் கட்டு, சிவப்பு மையில் எண், கீழே தருமனின் சுருக்கொப்பம். ஓட்டை போடாத காகிதம் அவருக்குக் காது குத்தாத குழந்தை மாதிரி. இன்னும் குடும்பத்தில் சேரவில்லை என்று அர்த்தம்.

அவர் சேகரிப்பின் மகுடம், 1947இல் ஸ்டூடியோ முதலாளி ஹாலிவுட் கம்பெனி ஒன்றுக்கு எழுதிய கடிதத்தின் கார்பன் நகல். 'எங்கள் கதாநாயகி மழையில் நனைய வேண்டும். வாளியால் ஊற்றிப் பார்த்தோம், பாத்திரம் கழுவுவதுபோல் இருக்கிறது. உங்களிடம் மழை இயந்திரம் இருப்பதாகக் கேள்வி' என்று போகிறது அது.

அதற்கு வந்த பதில் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? டிரங்குப் பெட்டியில்தான்.

பொங்கலுக்குப் பொங்கல் மாமனார் வீட்டில் திருமலை அதை எடுத்து வருவான். பருந்துச் சின்னம் போட்ட தடித்த காகிதம். ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டுவான். தருமன் கை நீட்டினால், "கை கழுவினியா சகல?" என்பான். கழுவிக்கொண்டு வருவதற்குள் அது பெட்டிக்குள் போயிருக்கும். போன கடிதம் ஒரு வீட்டில், வந்த கடிதம் இன்னொரு வீட்டில். பதிவறைக்காரனுக்கு இதைவிடக் கொடுமையான தண்டனையை எமனும் யோசித்திருக்க மாட்டான். தருமன் ஒன்பது பொங்கலும் சர்க்கரைப் பொங்கலைக் கசப்பாகத்தான் சாப்பிட்டார்.

2003இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சென்னையிலிருந்து சிந்துஜா என்ற பெண் வேங்கிக்காலுக்கு வந்தாள். பழைய ஸ்டூடியோ காகிதங்களை வைத்துக் கண்காட்சி நடத்தப்போகிறாள். கொடுப்பவர் பெயரைக் கீழே அட்டையில் அச்சடிப்பாளாம். தருமன் லீவு போட்டு, இஸ்திரிச் சட்டை அணிந்து, பதினோரு கோப்புகளையும் கட்டிலில் பரப்பி வைத்திருந்தார்.

அவள் மூன்று கோப்பு பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள். "சார், இந்த ஓட்டையெல்லாம் யார் போட்டது?"

"நான்தாம்மா. எல்லாம் என் கையால. ஒரு நூல் தப்பாது!"

அவள் கார்பன் நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முதலாளி இடது ஓரத்தில் போட்டிருந்த கையெழுத்தின் நடுவே வட்டமாக ஜன்னல் தெரிந்தது. "ரொம்ப நேர்த்தியா இருக்கு சார். ஆனா கண்காட்சியில வைக்க முடியாதே. ஓட்டை, பசை, பேனா எதுவும் படாத பேப்பரா வேணும்."

தருமன் தொண்டையைச் செருமுவதற்குள் வள்ளி காபியோடு வந்துவிட்டாள். "எங்க தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட ஒரு டிரங்குப் பெட்டி நெறையக் கீது மேடம். அவரு சோம்பேறி, ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்டாரு."

சிந்துஜாவின் முகம் மலர்ந்தது. "திங்கட்கிழமை வந்து பாக்கறேன். அதுவரைக்கும் எதையும் தொடாம அப்படியே வைக்கச் சொல்லிடுங்க சார். மறந்துடாதீங்க."

தருமன் மறக்கவில்லை. மறக்காமலே சொல்லவும் இல்லை.

வள்ளி தங்கைக்குப் போன் போட்டு மேடம் வரும் சேதியை மட்டும் சொன்னாள். தொடக்கூடாது என்பதைத்தான் கணவர் சொல்வாரே! மறுநாள் காலை டிரங்குப் பெட்டியே நேரில் வந்தது, திருமலையின் தோளில்.

"சகல, உன் பேப்பரெல்லாம் பாத்திருக்கேன். ஆபீஸ் கணக்கா என்னா அழகு! என்னுது கலைஞ்ச தலை மாதிரி கெடக்குது. மேடம் வர்றதுக்குள்ள உன்னுது மாதிரியே ஓட்டை போட்டு, நம்பர் போட்டுக் குடு. சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன்."

தருமன் ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்டதைச் செய்தால் போதும். நாளைக்கு யார் கேட்டாலும் "அவனே கேட்டாம்மா" என்று உண்மையைச் சொல்லலாம். கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டை போடும் மெஷினை எடுத்தார். முதலில் அந்தப் பருந்துக் கடிதம். ஓரம் பார்த்துச் செருகினார். அழுத்துமுன், போன கடிதத்தோடு ஒத்துப் பார்ப்பதுதானே முறை என்று கார்பன் நகலைப் பக்கத்தில் வைத்தார்.

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகப் பதிலை முழுசாகப் படித்தார். 'மழை இயந்திரம் அனுப்ப இயலாததற்கு வருந்துகிறோம். உங்கள் படத்தில் நாற்பது யானைகள் வரிசையாக நிற்பதைக் கண்டோம். எப்படி நிற்க வைத்தீர்கள் என்று தெரிவிக்க முடியுமா?'

தருமன் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய நாலாவது கோப்பில் யானைப்பாகனின் ரசீது இருந்தது: 'கரும்பு, இரண்டு வண்டி.' ஹாலிவுட் கேட்ட கேள்விக்கு வேங்கிக்காலில் பதில் இருக்கிறது! அப்புறம் அவர் மெஷினைத் தொடவில்லை. பெட்டி முழுவதையும் படித்தார். நாலு மணிக்குத் திருமலை வந்தபோது காகிதங்கள் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. ஓட்டை மட்டும் இல்லை.

"இன்னும் போடலையா?"

"இன்னிக்கு மெஷின் ஓடவே இல்ல."

"உன் மெஷினா? அது கல்லையே ஓட்டை போடுமே!" திருமலை சகலையை ஏற இறங்கப் பார்த்தான். "எனக்குப் புரியுது. உன்னுது மட்டும் நேர்த்தியா இருக்கணும், என்னுது குப்பையாவே கெடக்கணும். வயித்தெரிச்சல் சகல உனக்கு. பரவால்ல, உன் ஓட்டை எனக்கு வேணாம். தேரடி வீதியில தமிழ்செல்வி கடைக்குப் போறேன். அத்தனையும் லேமினேஷன் போட்டுடறேன். என் ரேஷன் கார்டைப் பாரு, கல்லு மாதிரி கீது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறாமைப்படாமல் இருந்த ஒரு பகல்பொழுதுக்கு, பொறாமைக்காரன் என்று பட்டம். தருமன் நாற்காலியில் சாய்ந்தார். சும்மா இருந்தாலே போதும், பிளாஸ்டிக் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

"மேடம் சொன்னதை அவர்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல?" என்றாள் வள்ளி.

தருமன் எழுந்து போய் டிவிஎஸ் வண்டியை உதைத்தார்.

தமிழ்செல்வி கடையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. மேஜையில் மூன்று காகிதங்கள் பளபளவென்று ஆறிக்கொண்டிருந்தன. நாலாவதைப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, அவள் மெஷின் வாயில் வைக்கப்போனாள். பருந்து.

"நிறுத்தும்மா!" தருமன் பாய்ந்து பிடுங்கினார். மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டை கூடாது, பசை கூடாது, தொடவே கூடாது, மேடம் சொன்னாங்க.

திருமலை நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு நிதானமாகக் கேட்டான். "எப்ப சொன்னாங்க சகல?"

"நேத்து."

"நேத்து காலையிலயா?"

தருமன் பொய் சொல்வதில்லை. தலையாட்டினார். திருமலை கடிதத்தை வாங்கி, உறையிலிருந்து உருவி, கை கழுவச் சொல்லாமல், அவர் கையிலேயே கொடுத்தான். "நீயே எடுத்துனு வா."

கண்காட்சியில் பருந்துக் கடிதம் கண்ணாடிக்குள் இருந்தது. கீழே அட்டையில் 'திருமலை, அடி அண்ணாமலை'. பக்கத்தில் கார்பன் நகலின் ஜெராக்ஸ். அதில் தருமன் போட்ட ஓட்டைகள் இரண்டு கறுப்புப் பொட்டாக விழுந்திருந்தன. பெயர் இல்லை. குடும்பத்தோடு போய்ப் பார்த்த தருமன், அந்த அட்டையை எட்டு தரம் படித்ததாக வள்ளி சொல்கிறாள்.

திருமலையோ ஊரெல்லாம், "எங்க சகல ஓடி வரலன்னா எல்லாம் போச்சு" என்று சொல்லித் திரிகிறான். தருமனுக்கு அதைக் கேட்பதுதான் ஏச்சைவிடக் கஷ்டம். லேமினேஷன் ஆன மூன்றையும் கடையில் கடலைத் தட்டுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறான். பௌர்ணமிதோறும் தருமன் அவற்றின் எதிரில் உட்கார்ந்துதான் கடலை தின்பார். நன்றாக மென்று, நிம்மதியாக.

போன மாதம் ரேணுகாம்பாள் கேட்டுவிட்டாள். "மாமா, வேங்கிக்கால்லேர்ந்து தேரடி வீதிக்கு வண்டியில பத்து நிமிசம்தானே? கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இந்த மூணும் தப்பிச்சிருக்கும்ல?"

தருமன் பொட்டலத்தை உதறினார்.

"வழியில ஒரு டீ சொல்லிட்டேம்மா. செம சூடு. ஆத்தி ஆத்தித்தானே குடிக்கணும்."