நான் சேர்த்த ஒரு வரி

எங்கள் கம்பெனியில் விபத்து நடந்தால் நிரப்புவதற்கு ஒரு படிவம் உண்டு. தேதி, நேரம், மெஷினின் எண், என்ன நடந்தது, காரணம் என்ன என்று கட்டம் கட்டமாக இருக்கும். அடிபட்டவரின் வாக்குமூலத்தைத் தனித் தாளில் எழுதி அதோடு இணைக்க வேண்டும். சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற அந்தத் தொழிற்சாலையின் ஆபீசில் நான் கிளார்க். தமிழ் இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவள். அங்கே இருந்த மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்பத் தெரியும், கன்னடத்தில் அதட்டத் தெரியும், தெலுங்கில் பேரம் பேசத் தெரியும். தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல எழுத வேண்டும் என்றால் மட்டும் என் மேஜையைக் காட்டுவார்கள். அப்படித்தான் வாக்குமூலங்கள் என் தலையில் விழுந்தன.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதியதெல்லாம் ஃபைலில் இருந்தது. "மெஷினில் வேலை செய்யும்போது கை மாட்டிக்கொண்டது. சிகிச்சை எடுத்து வருகிறேன்." எல்லாத் தாளிலும் ஏறக்குறைய இதே இரண்டு வரி, கீழே வேறு வேறு கையெழுத்து. படித்துவிட்டு எனக்குக் கோபமாக வந்தது. ஒரு மனிதனுக்கு விரல் போயிருக்கிறது. அவன் யார், அப்போது என்ன நினைத்தான், வீட்டில் யார் காத்திருந்தார்கள், ஒன்றுமே இல்லை. இப்படியா எழுதுவது?

அந்தக் கோபத்தைக் கல்லூரிதான் கொடுத்தது. கிருஷ்ணகிரியில் ஐந்து வருடம் படித்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் கூலி வேலைக்குப் போனவர்கள். இப்போது பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அங்கிருந்து இலக்கியம் படிக்கப் போன முதல் ஆள் நான். அந்தத் தலைக்கனமும் இருந்தது. ஒவ்வொரு தேர்விலும் பாத்திரப் படைப்பைப் பற்றி ஒரு பெரிய கேள்வி வரும். நடந்ததை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான். அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தார், மனதுக்குள் என்ன ஓடியது என்று எழுதினால்தான் முழுசாகக் கிடைக்கும். எழுதி எழுதி அதுவே பழக்கமாகிவிட்டது. பஸ் நிறுத்தத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தால்கூட, இவர் கடைசியாக யாரிடம் கோபித்துக்கொண்டிருப்பார் என்று யோசிப்பேன். மனிதர்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல படிப்பு இல்லை என்று வகுப்பில் சொன்னார்கள். நான் அப்படியே நம்பினேன்.

இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் ஒருவர் இருந்தார், மத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். ஒரே பஸ்ஸில் வருவோம். அண்ணா என்று கூப்பிடுவேன். எட்டு வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்தார். அந்த வருடம் பர்மனென்ட் ஆகப்போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயரை நானே டைப் செய்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவரிடம் ஜாடையாகச் சொல்லியும் இருந்தேன். பத்து நாள் கழித்து, காலை ஷிப்டில், அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் பிரஸ்ஸில் போய்விட்டன.

வாக்குமூலம் வாங்க என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போதே பாதுகாப்பு அதிகாரி விஷயத்தைச் சொல்லிவிட்டார். தப்பு மெஷின் பக்கம் என்றால் கம்பெனி அவரை வேறு லேசான வேலையில் வைத்துக்கொள்ளும், பட்டியலிலும் பெயர் இருக்கும். தப்பு ஆள் பக்கம் என்றால் காண்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பிவிடுவார். எட்டு வருடமும் அந்தத் தாளில்தான் நின்றது.

கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"என்னாத்தச் சொல்றதும்மா. கை உள்ள போனா மெஷினு நிக்கணும், அதுக்குத்தான் சென்சாரு. அது நாலு நாளா வேல செய்யில. சொன்னன், பாக்கறம்னாங்க. அது இல்லாமயே ஓட்டச் சொன்னாங்க, ஓட்டுனன். பீஸு சிக்கிக்கிச்சு, எடுக்கலாம்னு கைய வுட்டன், எறங்கிருச்சு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். அப்படியே எழுதியிருந்தால் ஐந்து வரி. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வீட்டைப் பற்றி விசாரித்தேன். மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், என்னைப் போலவே தமிழ் படிக்கிறேன் என்கிறாள் என்றார்.

"அது படிச்சா என்னாம்மா வேல கெடைக்கும்?"

"என்னயப் பாருங்கண்ணா. கம்பெனில உக்காந்து எழுதற வேல."

"அதுவும் செரிதான்" என்று அந்த வலியிலும் சிரித்தார். நாலைந்து நாளாகவே மனசில் அந்த யோசனைதான் என்றும் சொன்னார். விபத்து நடந்த நேரத்தில் என்று சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

அன்று சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கம் முழுக்க அவர்தான்: விடிவதற்கு முன் பஸ் ஏறுவது, எட்டு வருடம், மகள். சென்சாரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, அது இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியமாக ஒதுங்கிக்கொண்டது. ஆனாலும் மகளும் மெஷினும் ஒட்டாமல் தனித்தனியாகக் கிடந்தார்கள். அப்போதுதான் அந்த வரியைச் சேர்த்தேன். "கையை உள்ளே விட்ட அந்த நொடியில் என் மகளின் படிப்புதான் கண்முன் நின்றது." எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. இதைப் படிக்கிற யாருக்கும் இந்த மனிதரை வெளியே அனுப்ப மனசு வராது என்று நம்பினேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இப்பிடிச் சொன்னனா நானு?"

"நாலஞ்சு நாளா அதே யோசனன்னு சொன்னீங்களேண்ணா."

"ஆமா, அது சொன்னன்." பேனாவைக் கேட்டு வாங்கினார். "படிச்ச புள்ள எழுதனா செரியாத்தான் இருக்கும்" என்று இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

பாதுகாப்பு அதிகாரி கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. என்னையே வாசிக்கச் சொன்னார். நானும் மேடையில் நிற்பதுபோல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். "சென்னாகிதே மேடம், ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு படிப்பு லைன், அது எங்க இருக்கு?" என்று கேட்டார். மனசு இளகிவிட்டது என்று நினைத்து விரல் வைத்துக் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து அதன் கீழே கோடு போட்டார்.

காரணம் என்ற கட்டத்தில், வேலை நேரத்தில் குடும்பச் சிந்தனை, கவனக்குறைவு, தொழிலாளியே ஒப்புக்கொண்டது என்று ஆங்கிலத்தில் ஏறியது. சென்சாரைப் பற்றி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதே சார் என்றேன். "இருக்கு மேடம். ஆனா இத அவரே சொல்றாரே" என்றார். வேறு எழுதித் தருகிறேன் என்றதற்கு, கையெழுத்துப் போட்டதை மாற்ற முடியாது என்றார். அந்த வரியை நான்தான் சேர்த்தேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போய்விடுமோ என்று பயம். சொல்லவில்லை. பட்டியலில் அவர் பெயரை எடுத்துவிட்டுத் திரும்ப டைப் செய்ததும் நான்தான்.

ஐந்து வருடமும் நான் எழுதியதைப் படித்தவர்கள் மார்க் போடுவதற்காகப் படித்தவர்கள். படித்துவிட்டு அதை வைத்து ஒரு ஆளை என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடியவர்களும் உண்டு என்று எனக்கு உறைத்ததே இல்லை. இப்போது நானும் இரண்டு வரிதான் எழுதுகிறேன். மெஷினை முதல் வரியில் வைக்கிறேன். வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. கதைப் புத்தகம் எடுத்தால் பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. அந்த நொடியில் அவன் இப்படி நினைத்தான் என்று வந்துவிட்டால் போதும், உன்னிடம் யார் சொன்னது என்று எழுதியவர்மேல் எரிச்சல் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரே சந்தோஷம் அதுதான், அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

போன மாதம் சூளகிரி பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். வேறு ஏதோ கம்பெனியின் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை.

"எங்கப்பாவுக்கு எழுதிக் குடுத்த அக்காதான நீங்க?"

அவருடைய மகள். கல்லூரியில் இடம் கிடைத்தது, சேரவில்லை என்றாள். செல்போன் உறைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். கம்பெனி அவள் அப்பாவுக்குக் கொடுத்த நகல். மடிப்புகள் கிழிகிற நிலையில் இருந்தன.

"எத்தன தடவ படிச்சிருப்பன்னே தெரியலக்கா. அப்பா ஊட்டுல இப்பிடியெல்லாம் பேசனதே இல்ல. என்னய நெனச்சிக்கிட்டுத்தான கைய வுட்டுட்டாரு. அப்பறம் நான் எப்பிடிக்கா காலேஜுக்குப் போறது?"

"பாப்பா, அந்த வரி உங்கப்பா சொன்னதில்ல. நானாச் சேத்தது. சென்சாரு வேல செய்யில, அதான் நெசம். இங்க பாரு, ரெண்டாம் பக்கத்துல இருக்குது."

அவள் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தில் அந்த வரியைத் தேடி, உதடு அசைய இன்னொரு முறை படித்தாள்.

"எனக்காகச் சொல்றீங்கக்கா. பொய்யின்னா படிக்கறப்பவே தெரியாதா?"

"உங்கப்பாவையே கேளு."

"கேட்டன். ஆமா பாப்பா, அப்பிடித்தான் இருந்திருக்கும்னு சொன்னாரு."

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள். அவளுடைய கம்பெனி பஸ் வந்தது. வர்றன்க்கா என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.