நாற்பத்திரண்டு ‘இல்லை’

வயல் மருந்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் அந்த வருடம் அதிகம். மருந்தை வீட்டில் எங்கே வைக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் விசாரிக்கத் தஞ்சாவூர்க் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று சுடர்விழியை அனுப்பியது.

திருப்பனந்தாள் பக்கம் ஒரு வீட்டில், “மருந்தெல்லாம் இங்க இல்லைங்க” என்றார் இராஜாங்கம். படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். அவருடைய மூன்று வயது மகள் கவிப்ரியா கூல்டிரிங்ஸ் பாட்டிலும் கையுமாக வாசற்படியில் நின்றாள். மூடி கீழே கிடந்தது. களை மருந்து வாடை குப்பென்று அடித்தது.

இராஜாங்கம் கத்த வாயெடுத்தார். சுடர்விழி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். கத்தினால் பிள்ளை பதறிக் குடித்துவிடும்.

“பாப்பா, அக்காவுக்குத் தாகமா இருக்கு. எனக்குத் தர்றியா?”

பாட்டில் வாய் வரை போனது. பிறகு என்ன நினைத்தாளோ, நீட்டினாள்.

சுடர்விழி வாங்கி மூடிவிட்டு இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினாள். “இல்லைன்னு சொன்னீங்களே!” என்று சீறினாள்.

“மருந்து டப்பா பக்கத்து வீட்டுலதாங்க இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். எங்க பங்கை மட்டும் இதுல ஊத்திட்டு வந்தேன். நீங்க டப்பாவைத்தான் கேக்குறீங்கன்னு நெனைச்சேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

அந்த வாரம் ‘இல்லை’ என்று எழுதிய நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் மறுநாளே திரும்பக் கிளம்பினாள். இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டு, கூடவே அடுப்படி வரை போனாள்.

முதல் வீட்டிலேயே, எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில், களை மருந்து வாடையோடு ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில் இருந்தது.