என் மெலிஞ்சோ மரம் ஆணா பெண்ணா: பொந்தியான் பக்கம் ஒரு நாள்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் எங்கள் ரெங்கத்திலிருந்து பொந்தியான் பக்கம் போய் வந்தேன். கடல் பார்க்கவோ மீன் வாங்கவோ போகவில்லை. என் வீட்டுப் பின்புறம் நிற்கும் மரம் ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ளப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும். ஆண் என்றால் என் கையாலேயே வெட்டிவிடுவதாக நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

மரத்தின் பெயர் மெலிஞ்சோ. ஜொகூரின் ஜாவாக்காரர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதன் விதையைச் சுடுமணலில் வறுத்து, மேலோட்டை நீக்கி, தட்டையாக இடித்துக் காயவைத்தால் எம்பிங். எண்ணெயில் போட்டால் அப்பளம்போலப் பொரியும், லேசாகக் கசக்கும். சிம்பாங் ரெங்கம் சந்தையில் கன்றாக வாங்கி நட்டேன். ஆறேழு வருடத்தில் காய்க்கும் என்றார் விற்றவர். பதினொரு வருடமாகிவிட்டது. ஒரு விதைகூட இல்லை.

காரணம் கேட்டு இணையத்தில் ஒரு செடிக் குழுவில் படம் போட்டேன். ஒருவர் காப்பிச்செடி என்றார். இலை காப்பி இலைபோல இருப்பது உண்மைதான். இன்னொருவர், "தாத்தா, நர்சரியில கேளுங்க" என்று சிரிப்புப் படம் போட்டார். நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூலகப் புத்தகங்களைப் படித்துத்தான் செடிகொடிகளைத் தெரிந்துகொண்டேன். படித்தவன் சான்றிதழோடு வந்தால்தான் பதில் சொல்வார்கள்போலும். சரி, பதிலை நானே தேடிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

புத்தகம் சொன்னது இதுதான். மெலிஞ்சோ பார்ப்பதற்கு மா, பலா மாதிரி சாதாரண மரமாகத் தெரிந்தாலும் உண்மையில் அது பூக்கும் மரமே இல்லை. பைன் மரத்துக்கும் சைக்கஸுக்கும் உறவு. சிவப்பாகப் பழம்போலத் தொங்குவது பழமல்ல, தோல் போர்த்த விதை. மாங்கொட்டையைச் சதை மூடியிருப்பதுபோல இதன் சூலை மூடிக் காக்கச் சூலகம் கிடையாது. மாலையில் சூலின் நுனியில் ஒரு சொட்டு இனிப்பு நீர் ஊறும். மகரந்தம் அதில் வந்து விழும். சொட்டு உள்ளே வற்றும்போது மகரந்தத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

அந்தச் சொட்டை என் மரத்தில் நான் பார்த்திருக்கிறேன். பொழுது சாயும்போது லென்ஸை வைத்துப் பார்த்தால், விரல் நீளக் கதிர்களில் வளையம் வளையமாக மினுங்கும். சொட்டு இருந்தால் சூல் இருக்கிறது. சூல் இருந்தால் பெண். பக்கத்தில் ஆண் மரம் இல்லாததால் காய்க்கவில்லை. இதுதான் என் வாதம். கதிரில் கொஞ்சம் மஞ்சள் தூளும் ஒட்டியிருந்தது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையிலிருந்து காற்றில் வந்தது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு சாந்திக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். மரத்துக்குக் கீழேதான் அவர் துணிக்கம்பி. வீடுகளின் பின்புறச் சந்தில் சுத்தம் செய்ய எல்லாரும் கூடிய அன்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, காயும் இல்ல ஒண்ணும் இல்ல. கம்பளிப்பூச்சி மாதிரி உதிர்ந்து யூனிபாரம் பூரா ஒட்டுது. வெயிலும் வரல. வெட்டிடலாம் லா."

"பொண்ணு மரம்மா இது. ஜோடி இல்லாம நிக்குது."

"ஜோடி ஜோடின்னு பதினோரு வருசமா சொல்றீங்க. ஆம்பளையா இருந்தா?"

"ஆம்பளையா இருந்தா நானே வெட்டறேன்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். சிலர் கையில் பாராங் கத்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

ரெங்கத்தில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஒரு மலாய்ப் பெண், பெனூட் தாண்டித் தன் பெரியம்மா வீட்டில் மூன்று மெலிஞ்சோ இருப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டு காய்க்குமாம், ஒன்று காய்க்காதாம். காய்க்காததுதான் ஆணாக இருக்க வேண்டும்; அதில் மாலையில் சொட்டு ஊறவில்லை என்றால் என் வாதம் நிற்கும். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

எங்கள் ஊரில் வாடகைக்குக் கார் ஓட்டும் ராஜுவை அழைத்தேன். நாள் முழுக்க, பெட்ரோலும் சேர்த்து நூற்றெண்பது வெள்ளி. காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். சிம்பாங் ரெங்கம் போய், அங்கிருந்து மேற்கே பெனூட் சாலை. மொத்தம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். லாயாங் லாயாங் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் இதே வழிதான்.

வழி நெடுக செம்பனை. ஒவ்வொரு மரத்தின் உடம்பிலும் பெரணி தொங்கியது. வெட்டிய மட்டைகளின் அடியில் மண்ணும் ஈரமும் தங்கும், அதில் வேர்விட்டுக்கொள்ளும். காரை நிறுத்தச் சொல்லி ஓர் இலையைத் திருப்பிக் காட்டினேன்.

"அலமாக், பூரா பழுப்புப் புள்ளி. நோய் வந்துருச்சு அங்கிள்."

"நோய் இல்ல ராஜு. தூள் பை. அதுதான் இதுக்கு விதை மாதிரி."

"விதைன்னா நேரா முளைச்சிரும்ல?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தத் தூள் விழுந்து முளைப்பது பெரணி அல்ல. நகக்கண் அளவுகூட இல்லாத, இதய வடிவப் பச்சைத் தகடு. ஆணணுவும் பெண்ணணுவும் அந்தத் தகட்டில்தான் உண்டாகும். ஆணணு நீந்திப் போக வேண்டும். மழையோ பனியோ பெய்து ஒரு படலம் தண்ணீர் நின்றால்தான் போய்ச் சேரும். சேர்ந்த பிறகு தகட்டிலிருந்து நாம் பார்க்கிற பெரணி எழும். ராஜு இலையைத் தன் சட்டையில் தட்டினான். பழுப்புத் தூள் கோடாக ஒட்டியது. "என் பொண்டாட்டி என்னத்தச் சொல்லப் போறாளோ" என்றான்.

பதினொரு மணிக்கு அந்தப் பெரியம்மாவின் கம்பத்தை, அதாவது மலாய்க் கிராமத்தை, அடைந்தோம். பெனூட்டிலிருந்து பொந்தியான் போகும் சாலையில் எட்டுக் கிலோமீட்டர், பிறகு வாய்க்கால் ஓரமாக ஒரு மண்பாதை. வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் வாக் சித்தி என்கிறார்கள். சித்தி என்பது உறவல்ல, அவர் பெயர். ஜாவா வம்சத்துப் பெரியவர்களை இங்கே வாக் என்றுதான் கூப்பிடுவது வழக்கம். மலாயில்தான் பேசினோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் விலகி ஓடின.

"மரத்துக்கு ஆண் பெண் பார்க்க ரெங்கத்திலிருந்தா வந்தீர்கள்? என் மகனுக்குப் பெண் பார்க்கக்கூட நான் பொந்தியானைத் தாண்டவில்லை!"

முன்னால் இருந்த இரண்டு மரங்களிலும் கொத்துக் கொத்தாக விதை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பருவமும் ஒரே கிளையில். கிணற்றடியில் மூன்றாவது மரம். கதிர் உண்டு, விதை இல்லை. கீழே உதிர்ந்து கிடந்தவை அச்சு அசல் சாந்தி சொன்ன கம்பளிப்பூச்சிகள்.

"சோம்பேறி. அடுத்த வாரம் மகன் வந்து வெட்டுகிறான்" என்றார் வாக்.

என் மரத்தடியில் நான் பெருக்குவதும் இதையேதான். ஆனாலும் என் சாட்சி சொட்டுதான், அது மாலையில்தான் வரும். மாலை வருவதாகச் சொல்லிவிட்டு மேலே பொந்தியான் போனோம். இன்னும் பதினெட்டுக் கிலோமீட்டர். மாமாக் என்று இங்கே சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இருவருக்கும் சோறு, மீன் குழம்பு, தேநீர் எல்லாம் இருபத்தாறு வெள்ளி.

வெயில் தாழக் காத்திருந்த நேரத்தில் ஊருக்கு வெளியே அன்னாசித் தோட்டங்களைப் பார்த்தோம். கரிய, பஞ்சுபோன்ற சதுப்பு மண். காலை வைத்தால் அமுங்குகிறது. சாலையோரக் கடையில் பழம் ஒன்று நான்கு வெள்ளி. அதன் தோலில் இருக்கும் ஒவ்வொரு கண்ணும் ஒரு காலத்தில் ஒரு பூ. நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சதையாகி ஒரே பழமாகிவிட்டன. வெட்டியதும் ராஜு கேட்டான்.

"விதையே இல்ல. அப்புறம் எப்படி அங்கிள் இவ்ளோ தோட்டம்?"

"ஒரே ரகத்த நட்டா தன் இன மகரந்தத்தத் தானே ஏத்துக்காது. அதனால விதை இல்ல. அடியில வர்ற பக்கக் கன்ன ஒடிச்சு நடுறாங்க."

"கல்யாணம் இல்லாம புள்ள."

"புள்ளகூட இல்ல. அதே ஆளோட கை தனியாப் போயி இன்னொரு ஆளா நிக்குது."

ராஜு தன் கையைப் பார்த்துக்கொண்டான். "நல்ல வேளை. எனக்கு ஒரு ராஜு போதும்."

எனக்கு அப்போது வேறொரு யோசனை ஓடியது. பெரணிக்கு ஒரு படலம் தண்ணீர் வேண்டும். மெலிஞ்சோ அதை ஒரு சொட்டாகச் சுருக்கித் தானே ஊற வைத்துக்கொள்கிறது. அன்னாசியோ மனிதன் கையில் மாட்டிக்கொண்ட பிறகு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லாமல் பரவுகிறது. அங்கே கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், தப்பு என்றால் காரணத்தோடு எழுதுங்கள்.

ஆறரைக்கு வாக் வீட்டுக்குத் திரும்பினோம். ஏழு மணி வாக்கில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. முதலில் காய்க்கும் மரம். இளம் கதிர்களில், குமிழ்போன்ற சூல்களின் நுனியில் சொட்டு. படித்தது அப்படியே இருந்தது. பிறகு கிணற்றடிக்குப் போனேன். ராஜு கைப்பேசி விளக்கைப் பிடித்தான். காய்ந்த கதிராக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேதான் லென்ஸை வைத்தேன்.

சொட்டு ஊறியிருந்தது. ஒவ்வொரு வளையத்திலும்.

கதிரை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். வளையத்தின் மேல் விளிம்பில் மிகச் சிறிய சூல்கள், நுனியில் சொட்டு. அவற்றுக்குக் கீழே, நுனியில் பை வைத்த சின்னஞ்சிறு காம்புகள் நெருக்கமாக நீண்டிருந்தன. பைகள் வெடித்து மஞ்சள் தூள். அதே மஞ்சள். செம்பனையிலிருந்து வந்ததல்ல, அங்கேயே விளைவது. ஆண் கதிரிலும் சூல் இருக்கிறது. ஆனால் அது ஒருநாளும் விதையாகாது. சொட்டு ஊறவிடுவது மட்டும்தான் அதன் வேலை.

"என்ன அங்கிள், என்ன தெரியுது?"

"என் மரம் ஆண் ராஜு."

"சொட்டு வந்தா பொண்ணுன்னீங்க?"

"ரெண்டுலயும் வருது."

அந்த நேரத்தில் ஒரு சிறிய பழுப்பு அந்துப்பூச்சி வந்து கதிரில் உட்கார்ந்தது. சொட்டில் வாயை வைத்துக்கொண்டு வளையத்தைச் சுற்றி நடந்தது. காலெல்லாம் மஞ்சள். பிறகு எழும்பி முன்பக்கம் பறந்தது. எந்த மரத்துக்குப் போனது என்று இருட்டில் தெரியவில்லை. ஆனால் காரணம் புரிந்துவிட்டது. ஆண் மரத்தில் குடிக்க ஒன்றும் இல்லையென்றால் பூச்சி எதற்கு அங்கே வரும்? வராவிட்டால் பெண் மரத்துக்கு எதைக் கொண்டுபோகும்? தோற்றுப்போன நேரம் அது, ஆனாலும் நான் அங்கிருந்து நகரவில்லை. கதிர் கதிராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாக்கிடம் சொன்னேன், இந்தச் சோம்பேறியை வெட்டினால் முன்னால் இருக்கும் இரண்டும் காய்ப்பது சந்தேகம் என்று. அவர் இடுப்பில் கைவைத்து மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியானால் இவனுக்கு இரண்டு பெண்டாட்டியா! இத்தனை வருடமாக ஒன்றும் தெரியாதவன்போலக் கிணற்றடியில் நிற்கிறானே!"

அங்கேயே மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு வெட்ட வேண்டாம் என்றார். அவன் ஏதோ வாதாடினான். "ரெங்கத்திலிருந்து ஆள் வந்து சொல்லியிருக்கிறார்" என்று சொல்லி வைத்துவிட்டார். என் பேச்சை ஒருவர் சாட்சியாக எடுத்துச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அவருடைய மரம் பிழைத்தது. என்னுடையது? சொன்ன சொல்லை நான் மாற்றுவதில்லை. ஆனால் வெட்டுகிறேன் என்றுதான் சொன்னேன், வேரோடு என்று சொல்லவில்லை. காய்க்கும் மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி கேட்டேன். பென்சில் கனத்தில், நேராக மேலே வளரும் தளிர்களாகப் பார்த்து எட்டு வெட்டித் தந்தார். பக்கக் கிளையில் எடுத்தால் ஒட்டிய பிறகும் படுக்கையாகவே வளரப் பார்க்கும் என்பது என் எண்ணம். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை சாந்தி பின்வாசலில் தயாராக நின்றார். "என்னண்ணே, பொண்ணா, ஆம்பளையா?"

"ஆம்பள."

அவர் சிரிக்கத் தயாராக இருந்தார். நான் ரம்பத்தை எடுத்ததும் சிரிப்பை விட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு பக்கக் கிளையை மட்டும் விட்டு, நெஞ்சுயரத்துக்கு மேலே மற்றதெல்லாம் அறுத்துத் தள்ளினேன். துணிக்கம்பி மேல் பளீரென்று வெயில் விழுந்தது. அடிமரத்தைப் பிளந்தும், வெட்டிய பக்கக் கிளைகளின் கட்டைகளைப் பிளந்தும் எட்டுக் குச்சிகளையும் சொருகிக் கட்டி, ஐஸ் விற்கும் நீளப் பிளாஸ்டிக் பையை ஒவ்வொன்றுக்கும் மாட்டினேன்.

"இது ஏமாத்து வேல லா அண்ணே."

"வெட்டிட்டேனா இல்லையா?"

"வெட்டிட்டீங்க. அந்த ஒரு கெளய ஏன் விட்டீங்க?"

அந்தக் கிளைதான் ஆண். ஒட்டிய குச்சிகள் பிடித்து வளர்ந்தால் அவை பெண். மகரந்தம் வேண்டாமா? சொன்னேன். கிளை அவர் கம்பியின் ஓரத்துக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியை ஒரு முழம் தள்ளிக் கட்டலாமே என்றேன். கிளையை ஒரு முழம் குறைக்கலாமே என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: பொந்தியானில் தங்க வேண்டியதில்லை, ஒரே நாளில் போய் வரலாம். மதியத்துக்குமேல் கிளம்பினால் போதும், கொசு மருந்தும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் கொண்டுபோங்கள். யார் வீட்டு மரமானாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். மெலிஞ்சோ நடுவதாக இருந்தால் காய்க்கும் மரத்தின் ஒட்டுக்கன்றாக வாங்குங்கள், பக்கத்தில் ஓர் ஆணும் நிற்கட்டும். ஆணைக் கண்டுபிடிக்கச் சொட்டை நம்பாதீர்கள், மஞ்சள் தூளைப் பாருங்கள்.

எட்டில் மூன்று துளிர்த்திருக்கின்றன. கிளை இன்னும் அங்கேதான் இருக்கிறது, கம்பியும் அங்கேதான். ஆனால் நேற்றுக் காலை நான் கதவைத் திறக்கும் முன்பே, ஷிஃப்டுக்குக் கிளம்பிய சாந்தி யூனிபாரத்தோடு குனிந்து ஐஸ் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலாவதும் பிடிச்சிருச்சு போல இருக்கே அண்ணே" என்றார். போய்ப் பார்த்தேன். பிடிக்கவில்லை, பைக்குள் நீர் கோத்திருந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் நான் மறுத்துச் சொல்லவில்லை.