மறுபக்கம் விழுந்த நிழல்

அப்பா ஆபீஸ் பட்டறையில் லேத் ஓட்டினார். அவர் அளந்து ஒன்றைச் சொல்லிவிட்டால் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸின் மொட்டை மாடியில், துணிக்கொடி கட்ட இரும்புக் கம்பம் நட்டவரும் அவரே. நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்த்து நட்டதால், அதைவிட நேரான பொருள் ஊரிலேயே இல்லை என்று நாங்கள் நம்பினோம்.

ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்த சித்திரையில், கூழ்வடகத்துக்குக் காக்கை ஓட்டும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. பொழுது போகாமல், உச்சிவேளையில் கம்பத்தின் நிழல் எவ்வளவு குட்டையாகிறது என்று தினமும் கரித்துண்டால் கோடு போட்டேன். படிக்கட்டுப் பக்கம் விழுந்த நிழல் நாளுக்கு நாள் குறுகி, ஒரு மத்தியானம் காணாமலே போயிற்று. கம்பம் நிற்கிறது, வெயில் கொளுத்துகிறது, தரையில் ஒன்றுமே இல்லை! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காக்கைகள் வடகத்தைத் தின்று தீர்த்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

"நெழலக் காணோமா? வெயிலு மண்டைல ஏறிகினு கீது. மோர் குடி," என்றாள் அம்மா.

"இன்னாடி, உன் நெழலாவது கீதா, அதுவும் ஓடிப்போச்சா?" என்று அண்ணன் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

இரண்டு நாள் நானே என் கண்ணை நம்பவில்லை. கம்பத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் தாங்கவில்லை, திரும்பினேன். நிழல் வந்திருந்தது, ஆனால் படிக்கட்டுக்கு நேர் எதிர்ப்புறம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம்.

இந்த முறை விடுவதாயில்லை. ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"கம்பத்துல தொங்குனியா?"

தொங்கியிருந்தேன். அப்பாவின் கம்பத்தைச் சாய்த்த பாவி நான்தானா? "ஒரே ஒரு தபாப்பா," என்றேன்.

அவர் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து நான்கு பக்கமும் பிடித்துப் பார்த்தார். நூலும் கம்பமும் மயிரிழைகூட விலகவில்லை. பிறகு கொதிக்கும் தரையில் மண்டியிட்டு, என் கரிக்கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"இதெல்லாம் நீயா போட்ட?"

தலையாட்டினேன்.

"கம்பம் நேராத்தான் கீது. உன் கோடும் கரெக்டா கீது. அப்ப இது இன்னான்னு எனக்குத் தெரியலையே, கண்ணு!" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதற்கப்புறம் அவருடைய லீவு நாளெல்லாம் எனக்குப் பக்கத்தில் அவரும் ஒரு கரித்துண்டோடு உட்கார்ந்தார்.

சூரியன் எங்கள் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போக, உச்சிவேளை நிழல் தெற்கே திரும்பும் பருவம் அது என்று கல்லூரியில்தான் படித்தேன். அன்றைக்கோ எனக்குப் பெரிய ஏமாற்றம். அப்பாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்பதை, அவர் மானத்தைக் காப்பதாக எண்ணி, அண்ணனிடம்கூடச் சொல்லாமல் மறைத்தேன். தன் தூக்குக்குண்டை அவ்வளவு நம்பியவரால்தான் அப்படிச் சிரித்துக்கொண்டே தெரியாது என்று சொல்ல முடிந்தது என்பதும், அன்று அவர் என் கரித்துண்டையும் அதே அளவு நம்பினார் என்பதும், அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.