முந்நூற்று நான்காம் பக்கம்

ஜூலை மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவரை முதன்முதலாகப் பார்த்தேன். மாலைக் கல்லூரியில் அவ்வாண்டின் முதல் வகுப்பு அது. வருகைப் பதிவேட்டை மூடிய பிறகு ஒரு பெண்மணி கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றார். வயது நாற்பத்தாறு இருக்கலாம். மருத்துவமனையின் நீலச் சீருடை அணிந்திருந்தார். அவருக்கு முன்பாகவே பிளீச்சிங் வாடை அறைக்குள் வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க சார். மூணு மாடி ஏற வேண்டியிருக்கு."

கடைசி வரிசையில் இருந்த பேருந்து நடத்துநர் எழுந்து நின்றே அறிவித்தார். "மேட்ரன் அம்மா வந்துட்டாங்க. எல்லாரும் நாக்கை நீட்டுங்கப்பா!"

"நீட்டு தம்பி, அறுத்துடறேன். நாளைக்கு பஸ்ஸுல நீ எப்படி டிக்கெட் கேக்குறேன்னு பார்க்கலாம்."

வகுப்பு சிரித்தது. அன்று முதல் அவருக்கு மேட்ரன் என்றே பெயர். உண்மையில் அவர் மேட்ரனும் அல்லர், செவிலியரும் அல்லர். பெரிய மருத்துவமனையின் நிலவறைச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்பவர். வார்டுகளிலிருந்து மூட்டைகளாக வரும் விரிப்புகளை மேசைமேல் உதறி, ஊசியோ கத்தரியோ மறந்து கிடக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இரத்தம் தோய்ந்தவற்றைப் பிரித்துத் தொட்டியில் ஊறவைக்க வேண்டும். தொட்டியின் ஆவி மேலே போக அங்கே ஜன்னல் இல்லை.

அவருடைய நுரையீரல் கெட்டுவிட்டிருந்தது. "லாண்டரியை நீ விடு, இல்லைன்னா அது உன்னை விடாது" என்று அம்மருத்துவமனையின் மருத்துவரே சொல்லியிருந்தார். நோயாளர் பதிவறையில் அடுத்த மே மாதம் ஓர் இடம் காலியாகப் போவதாக இருந்தது. எங்கள் சான்றிதழ்த் தேர்வில் தேறிய ஊழியருக்கு அதைத் தருவார்கள். நாற்காலி, மேசை, ஜன்னல் என்று மூன்றும் உள்ள வேலை. அதற்காகத்தான் அவர் வாரத்தில் நான்கு நாள் மூன்று மாடி ஏறினார்.

எங்கள் பாடத்திட்டத்தில் வாசிப்பேடு என்று ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு நூல் படித்து, அது தம்முள் எழுப்பியதை ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும். கதைச் சுருக்கம் கூடாது. படிக்காத நூலைப் படித்ததாக எழுதினால் ஏடு முழுவதும் தள்ளுபடி; ஏடு இல்லாதவருக்குத் தேர்வு இல்லை. இவ்விதியை வகுத்தவன் நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மற்றவர்களின் ஏடுகளைக் கொட்டாவியோடு திருத்துவேன். இவருடையதைக் கடைசிக்கென்று எடுத்து வைப்பேன். ஒரு பயண நூலைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: "இவர் போன ஊர்களில் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். துவைப்பவர் ஒருவரையும் இவர் சந்திக்கவில்லை." ஓர் அறுவை மருத்துவரின் தன்வரலாற்றைப் பற்றி: "அறுவை நல்லபடி முடிந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். அவருக்கு முடிந்துவிட்டது. துணி அதற்குப் பிறகுதான் எங்களிடம் வரும்." பத்துக்கு ஒன்பது போட்டேன். யார் எழுதிக் கொடுக்கிறார்கள் என்ற ஐயமும் உள்ளூர இருந்தது. அதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பிப்ரவரியில் அவர் நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்தார். கப்பலில் வேலைக்குப் போனவன் ஆண்டுக்கணக்காகத் திரும்பவில்லை, மனைவி காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் வந்து சேர்கிறான். அந்நூல் என் வீட்டிலும் இருந்தது. அவர் எழுதியது இது:

"கதவு தட்டப்பட்டது, அவள் எழுந்து என்பதோடு கதை முடிகிறது. எழுந்து என்ன செய்தாள் என்று சொல்லாமல் விட்டவருக்கு நன்றி. எங்கள் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டினார்கள். இரண்டு பேர். செருப்பைக் கழற்றாமல் நின்றார்கள். கழற்றியிருந்தால் வேறு செய்தி. நானும் எழுந்தேன். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் கதையில் சேராது."

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கடைசி அத்தியாயத்தைப் புரட்டாமலே விட்டு, அந்தக் குறையை அழகான சொற்களால் மூடியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். மறுநாள் வகுப்பில் எழுப்பி நிறுத்தினேன்.

"நாவலை முழுசாப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"கடைசியில என்ன நடக்குது?"

"அவ எழுந்திரிக்கிறா சார்."

"அப்புறம்?"

"அப்புறம் அட்டைதான் சார்."

நடத்துநர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அட்டையையும் படிச்சிருக்காங்க சார், அதுக்காவது மார்க் போடுங்க!" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவர்களை அடக்கவும் இல்லை. ஏட்டின் மேல் சிவப்பு மையால் "படிக்கவில்லை" என்று எழுதி நீட்டினேன். அவர் அதைச் சீருடையில் துடைத்து, ஈரம் காயாத துணியை மடிப்பதுபோல் மெல்ல மூடிப் பைக்குள் வைத்தார்.

"படிச்சேன் சார்" என்று மறுபடியும் ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. மே மாதத்து இடம் வேறொருவருக்குப் போயிற்று.

செப்டம்பரில் புதிய மாணவர்களுக்காக நூலகத்திலிருந்து அதே நாவலை, அங்கிருந்த ஒரே பிரதியை, எடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோது முந்நூற்று நான்கு என்ற எண் இருந்தது. என் வீட்டுப் பிரதியில் முந்நூற்று இருபது. பைண்டு செய்தவர் கடைசிப் பதினாறு பக்கக் கட்டைத் தவறவிட்டு, நூலைத் தைத்து அட்டை ஒட்டியிருந்தார். கிழிந்த அடையாளம் எங்கும் இல்லை. பக்கத்தின் கடைசி வரி: கதவு தட்டப்பட்டது. அவள் எழுந்து.

மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போனேன். நான்கு சலவை இயந்திரங்களில் ஒன்று பழுதாகித் திறந்து கிடந்தது. அவர் தொட்டியருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்து துணி பிரித்துக்கொண்டிருந்தார். நின்று செய்ய முடியாமல் போயிருந்தது. நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி தம்மைப் பற்றியதன்று.

"அப்போ கதவைத் தட்டுனது யாரு சார்?"

"அவ புருஷன்தான். உயிரோட வந்துட்டான்."

"பதினாறு பக்கமும் அதானா?"

"அழுகை, விருந்து, எல்லாம் உண்டு."

சிரிக்கத் தொடங்கினார், அது இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை சார், பைண்டுக்காரர் புண்ணியவான்" என்றார்.

"தப்பு என்னோடதுன்னு காலேஜ் முதல்வருக்கு எழுதித் தரேன்மா. ஏட்டை ஏத்துக்கிட்டு உங்களுக்குத் தனியாத் தேர்வு வைக்கச் சொல்றேன்."

"இப்ப எழுதி என்ன சார்? அந்த நாற்காலியில மேனேஜர் மச்சான் கால் மேல கால் போட்டுட்டாரு. அடுத்த தடவை காலியாகட்டும், நானே வந்து கேக்குறேன். அப்ப குடுங்க."

மறுநாளே கடிதத்தை எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் கேட்கும்போது தரலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். அதை முதல்வரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பதை யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் "கேக்குறேன்" என்று அவர் சொன்ன சொல் எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த ஜூன் மாதம் பதிவறையில் மீண்டும் ஓர் இடம் காலியாயிற்று. நடத்துநர்தான் சாலையில் என்னை நிறுத்திச் சொன்னார். "மேட்ரன் அம்மாகிட்டயும் சொன்னேன் சார். பார்க்கலாம்னு சொன்னாங்க." நடத்துநர் அன்று விளையாட்டாகப் பேசவில்லை.

நான் காத்திருந்தேன். விண்ணப்பிக்கும் கடைசி நாள் வரை, வகுப்பு தொடங்குமுன் மாடிப்படிப் பக்கம் பார்த்தேன். மூன்று மாடி ஏற அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் படியைப் பார்த்தேன்.

ஆகஸ்டில் அதே மருத்துவமனையின் பெண்கள் வார்டில் அவர் இறந்தார். நான் போனபோது அவர் மகள், கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பவள், கட்டில் விரிப்பை உருவி மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே போக வேண்டிய மூட்டை.

"அம்மா ஏதாவது சொன்னாங்களாம்மா? என்கிட்ட ஏதாவது வாங்கிட்டு வரச் சொன்னாங்களா?"

அவள் முடிச்சை இறுக்கிவிட்டு யோசித்தாள். "இல்லையே சார். உங்ககிட்ட வாங்க வேண்டியது ஏதாவது இருந்துச்சா?"

செப்டம்பர் மாதத் தேதியிட்ட அக்கடிதம் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. அவர் கடைசிவரை அதைக் கேட்கவில்லை.