முன் சீட்டில் வந்த வசவு

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எனக்குக் கணக்கு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் நேரத்தில், யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கட்டுரைகளைச் சரிபார்ப்பேன். அங்கே நானும் ஒரு நிர்வாகி. புனைபெயர்தான். ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்துக் கண்மாயைப் பற்றிய கட்டுரையில் ஒருவர், அதை வெட்டியது தன் முன்னோர்தான் என்று திரும்பத் திரும்ப எழுதினார். ஆதாரம் கேட்டு நீக்கினேன். அன்றைக்கு ஆரம்பித்தது வசவு. முதலில் என்னை, பிறகு என்னைப் பெற்றவளை. எச்சரித்துப் பார்த்தேன். ‘நீ எங்கே இருந்தாலும் தேடி வருவேன்’ என்று எழுதினார். திட்டு வாங்கிய நானே தடை போடுவது முறையில்லை என்பதால், கோயம்புத்தூரில் இருக்கும் இன்னொரு நிர்வாகியிடம் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், வழக்கமாக வரும் இரும்புக்கடைக்காரர். என்னைப் பார்த்தால் எழுந்து வணக்கம் சொல்கிற மனிதர். குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலே தற்செயலாகப் பார்வை போனது. திரையில் என் புனைபெயர். அதன் கீழே, எழுத்தெழுத்தாக, நான் வாசித்துப் பழகிய அதே வசவு. அனுப்பினார். என் மடியில் போன் அதிர்ந்தது.

அடுத்ததை அனுப்பியபோது போகவில்லை. தடை செய்யப்பட்டிருப்பதாக அவர் திரையில் அறிவிப்பு வந்தது. கோயம்புத்தூர்க்காரர் அந்த நேரத்தில்தான் தடையைப் போட்டிருக்கிறார். இரும்புக்கடைக்காரர் போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார். சிரித்த முகம்.

“ஏங்கக்கா, ஒங்க போன்ல நெட்டு வருதா? என்னுதுல எழுதவே விடமாட்டேங்குது.”

“எனக்கும் வரலைங்க.”

மடியில் போன் மறுபடி அதிர்ந்து, திரையில் கலைக்களஞ்சியத்தின் அறிவிப்பு மின்னியது. அதைப் பார்த்தார். “சரிக்கா” என்று திரும்பிக்கொண்டார்.

மில்லுக்குப் போனதும் முதல் வேலையாக, கூட வேலை பார்ப்பவளிடம் சொன்னேன்.

“ஏட்டி, அந்த மனுசன் அதிர்ந்து பேசி யாராச்சும் பாத்திருக்காவளா? வேற எவனாச்சும் இருக்கும்.”

“நான் கண்ணால பாத்தேன்.”

“அம்புட்டுப் பயமா இருந்தா பஸ்ஸ மாத்து.”

மாற்றினேன். முந்தின பஸ்ஸுக்குக் கிளம்பினேன். சில நாள் நிம்மதியாகப் போனது. அந்தப் பயனரும் கலைக்களஞ்சியத்துக்கு வரவில்லை.

அப்புறம் ஒரு காலையில் படியேறினால், உள்ளே அவர். தனக்கு முன் சீட்டில் துண்டு விரித்திருந்தார்.

“வாங்கக்கா. ஒங்களுக்குத்தான் எடம் போட்டு வச்சிருக்கேன்.”

“நான் நின்னுக்கிடுறேங்க” என்றேன்.

பஸ் நிறையக் கூட்டம். அவர் துண்டை எடுக்கவில்லை. ராஜபாளையம் வரைக்கும் அந்தச் சீட்டில் வேறு யாரையும் உட்காரவும் விடவில்லை.